அலங்கார இரும்பு வேலைக்குச் சொந்தமாகச் செய்த கருவிகள்: அறிகுறியைப் பார்த்துக் குறையைக் கண்டறிதல்

கதவு, கைப்பிடிச் சுவர், விளக்குத் தாங்கி போன்றவற்றில் இலையும் சுருளும் முறுக்கும் வைத்து இரும்பை அழகுபடுத்தும் கொல்லருக்கு, விலைக்குக் கிடைக்கும் கருவிகள் பாதி வேலைக்கே போதும். மீதிக் கருவிகளை அவரவர் வேலைக்கு ஏற்ற அளவில் அவரவரே அடித்துக்கொள்ள வேண்டும். அப்படி அடித்த கருவி சரியாக வேலை செய்யாதபோது, பெரும்பாலானோர் முதலில் பதத்தின் (சூடாக்கித் தோய்த்துப் பெற்ற கடினத்தின்) மேல் பழி போட்டு, கருவியை மீண்டும் உலையில் வைத்து எண்ணெயில் தோய்க்கிறார்கள். குறை அங்கே இருப்பது குறைவு என்பதே என் உறுதியான கருத்து. முதலில் வேலைத்துண்டின் சூட்டையும், அடுத்துக் கருவியின் வடிவத்தையும், பிறகு அதைப் பிடிக்கும், அடிக்கும், ஆற்றும் முறையையும் பார்க்க வேண்டும். பதத்தைச் சந்தேகிப்பது அதற்குப் பிறகுதான். எஃகையே மாற்றுவது கடைசி வழி. முதல் சோதனைக்கு ஒரு சூடு செலவாகும், கடைசிச் சோதனைக்கு ஒரு முழுக் கருவியே செலவாகும் என்பதால் இந்த வரிசையைக் கைவிடக் கூடாது.

கீழே வரும் அறிகுறிகள் எல்லாம் சாதாரண மைல்டு ஸ்டீல் (கார்பன் குறைந்த மென்மையான எஃகு) கம்பி, பட்டைகளில் வேலை செய்யும்போது தோன்றுபவை. அந்த இரும்பை நன்றாக உருமாற்றக்கூடிய சூடு ஏறத்தாழ 900 முதல் 1,250 டிகிரி செல்சியஸ் வரை, அதாவது செம்மை தெளிந்த நிலையிலிருந்து மஞ்சள் வரை.

சூட்டு உளியின் முனை மடங்குகிறது அல்லது விரைவில் மழுங்குகிறது

கம்பியின் நிறத்தைப் பாருங்கள். மங்கிய சிவப்புக்கு இறங்கிய பிறகும் அடித்துக்கொண்டிருந்தால், சூட்டு வேலைக்கென மெல்லியதாகத் தீட்டிய முனை எதுவாயினும் வளையும். சூட்டு உளியின் முனைக்கோணம் ஏறத்தாழ 30 டிகிரி இருக்கலாம். குளிர்ந்த இரும்பை வெட்டும் வெட்டிரும்புக்கு 60 டிகிரி வேண்டும். ஒரே உளியை இரண்டுக்கும் பயன்படுத்துவதுதான் இந்தக் குறைக்குப் பெரும்பாலும் காரணம்.

நிறமும் கோணமும் சரியாக இருந்தால், முனை எவ்வளவு நேரம் சூட்டுக்குள் நிற்கிறது என்று கவனிக்க வேண்டும். கார்பன் எஃகிலோ, வாகன வில் பட்டைக்குப் பயன்படும் 5160 வகை எஃகிலோ செய்த உளியைத் தோய்த்த பின், நொறுங்காமல் இருக்க 300 டிகிரிக்குள் மீண்டும் சூடாக்கிப் பதம் தணித்திருப்போம். அந்த உளி 1,000 டிகிரி இரும்புக்குள் சில நொடிகள் நின்றாலே முனையின் கடினம் போய்விடும். ஆகவே இரண்டு மூன்று அடிக்கு ஒரு முறை உளியை எடுத்துத் தண்ணீரில் நனைத்து, மீண்டும் வைத்து அடிக்க வேண்டும். உளியை வைத்துவிட்டுச் சுத்தியலைத் தேடுவதும், மெல்லத் தட்டிக்கொண்டே இருப்பதும் முனையைக் கெடுக்கும். கனமான சுத்தியலால் குறைந்த எண்ணிக்கையில் அடிப்பது முனையைக் காக்கும். முனை நீலம் பாய்ந்து காணப்பட்டால் அது அதிக நேரம் உள்ளே நின்றிருக்கிறது என்று பொருள்.

இந்த ஓயாத நனைப்பு சலிப்பூட்டினால், எச்13 அல்லது எஸ்7 என்னும் கருவி எஃகு வகைக்கு மாறலாம். எச்13 சூட்டு வேலைக்கென்றே உருவான எஃகு. சுமார் 1,020 டிகிரியிலிருந்து வெறும் காற்றில் ஆறினாலே அது கடினமாகும், 500 டிகிரியைத் தாண்டியும் கடினத்தை விட்டுக்கொடுக்காது. ஆனால் பழைய பழக்கத்தில் அதைச் சிவந்த நிலையில் தண்ணீரில் தோய்த்தால் முனை விரிசல் விடும். இவ்வகை உளிகளைக் காற்றிலேயே ஆற விட்டு, ஒன்று ஆறும் வரை மற்றொன்றைக் கையில் எடுப்பது நல்லது. அலங்கார வேலையில் ஒரே வடிவ உளி இரண்டு இருப்பது வீண் செலவு அன்று.

முனை சில்லுச் சில்லாக உடைகிறது

உடைந்த முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பாதிக் காரணம் தெரிந்துவிடும். முகம் மென்மையான சாம்பல் நிறத்தில் நுண்ணிய மணிகளோடு இருந்தால் எஃகு நன்றாக இருக்கிறது. பதம் போதிய அளவு தணிக்கப்படவில்லை, அவ்வளவுதான். முனையை அரைத்து, பழுப்பு நிறத்தில் நிறுத்தியிருந்ததை ஊதாவுக்கோ நீலத்துக்கோ கொண்டுபோனால் குறை தீரும். பதம் தணிக்கச் சூடாக்கும்போது முனையின் பளபளப்பான பரப்பில் ஓடும் நிறங்களில், வெளிறிய வைக்கோல் நிறம் சுமார் 220 டிகிரியையும், பழுப்பு 255-ஐயும், ஊதா 280-ஐயும், நீலம் 295-ஐயும் காட்டும். சுத்தியலடி வாங்கும் கருவிக்கு ஊதாவுக்கு முன்னால் நிறுத்துவது ஆபத்து. இந்த நிறக் கணக்கு கார்பன் எஃகுக்கும் குறைந்த கலப்பு எஃகுக்கும் மட்டுமே பொருந்தும். எச்13, எஸ்7 போன்றவற்றுக்கு நிறத்தை நம்பக் கூடாது.

முகம் கரடுமுரடாக, மணல்போல் மினுங்கினால் தோய்ப்பதற்கு முன்பு அளவு மீறிச் சூடாக்கியிருக்கிறோம், அதனால் மணிகள் பெருத்துவிட்டன. இதைப் பதம் தணித்துச் சரிசெய்ய முடியாது. முனையை வெட்டிவிட்டுப் புதிதாக அடித்து, காந்தம் ஒட்டாத சூட்டுக்குச் சற்று மேல் ஏற்றிக் காற்றில் கருமை அடையும் வரை ஆற விடுவதை மூன்று முறை செய்தால் மணிகள் மீண்டும் நுண்மையாகும். பிறகுதான் தோய்க்க வேண்டும்.

எண்ணெயில் தோய்த்தும் அரம் கடிக்கிறது, அல்லது தோய்க்கும்போதே விரிசல் விழுகிறது

அரம் வழுக்காமல் கடித்தால் எஃகு கடினமாகவில்லை என்று தோன்றும். அந்த இடத்தில் மேல்தோலை அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சாணையில் எடுத்துவிட்டு மீண்டும் அரத்தைப் போட்டுப் பார்க்க வேண்டும். உலையில் நெடுநேரம் கிடந்த எஃகின் மேற்பரப்பு கார்பனை இழந்திருக்கும். தோல் மென்மையாகவும் உள்ளே கடினமாகவும் இருந்தால் கருவியில் குறை இல்லை. உள்ளேயும் கடித்தால், சூடு போதாமல் தோய்த்திருக்கலாம். இரும்பு காந்தத்தை விடும் 770 டிகிரியோடு நிறுத்தாமல், 5160-க்கு மேலும் 60 டிகிரியாவது ஏற்றி, அங்கே சிறிது நேரம் நிறுத்தித் தோய்க்க வேண்டும். அப்படியும் கடினமாகாவிட்டால் அது கருவிக்கு உதவாத மைல்டு ஸ்டீலாகத்தான் இருக்கும். பழைய இரும்புக் குவியலிலிருந்து எடுத்த எதையும் முழுக் கருவியாக அடிப்பதற்கு முன்பு, அதன் ஓரத்திலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டித் தோய்த்து, வைஸில் பிடித்து உடைத்துப் பார்ப்பது பல மணி நேர உழைப்பைக் காப்பாற்றும். உடைக்கும்போது துண்டின் மேல் துணியைச் சுற்றி, கண்ணாடி அணிந்துகொள்ள வேண்டும். துத்தநாகம் பூசிய துண்டு எதையும் உலைக்குள் விடக் கூடாது. அதன் புகை உடலுக்குக் கேடு.

விரிசலுக்கு மூன்று காரணங்களைத் தேடலாம். எண்ணெயில் தோய்க்க வேண்டிய எஃகைத் தண்ணீரில் தோய்த்திருக்கலாம். எண்ணெய் மிகக் குளிர்ந்திருக்கலாம். 50, 60 டிகிரிக்குச் சூடேற்றிய எண்ணெய் மெலிந்து கருவியைச் சீராகக் குளிர்விக்கும். அல்லது கருவியில் ஆழமான சாணைக் கீறலோ, கூர்மையான உள்மூலையோ இருந்திருக்கலாம். விரிசல் எப்போதும் அங்கிருந்துதான் புறப்படும். எண்ணெய்ப் பாத்திரம் உலோகத்தால் ஆனதாகவும், தீப்பிடித்தால் உடனே மூட அதன் இரும்பு மூடி கைக்கு எட்டுவதாகவும் இருக்க வேண்டும்.

பஞ்ச் துளைக்குள் சிக்கிக்கொள்கிறது

புதிதாகச் சொந்தக் கருவி செய்பவர்களை மிகவும் வருத்தும் குறை இது. காரணங்கள் ஒன்றோடொன்று பின்னியிருப்பதால் பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பஞ்சின் (சூடான கம்பியில் அடித்துத் துளையிடும் கருவியின்) முனைப்பகுதி நுனியை நோக்கி மிகச் சிறிதாவது மெலிந்திருக்க வேண்டும். பக்கங்கள் இணையாக இருந்தால் அது துளையை உரசிக்கொண்டே இறங்கும். நுனி சற்றுப் பருத்திருந்தால் இறங்குவது எளிது, எழுவது அரிது. சிக்கிய பஞ்சை எடுத்து அளந்து பார்த்தால், முதலில் சரியாக இருந்த நுனியே சூட்டில் மென்மையாகி, அடி வாங்கி, துளைக்குள் பருத்துவிட்டது தெரியவரும். ஆகவே வடிவம் சரியாக இருந்தும் சிக்கினால், குற்றம் ஆற்றும் முறையில் இருக்கிறது.

பஞ்சை வைத்து இரண்டு அடி, எடுத்து நனை, மீண்டும் இரண்டு அடி என்ற தாளத்தை விடக் கூடாது. முதல் பள்ளம் விழுந்தவுடன் அதில் ஒரு சிட்டிகை நிலக்கரித் தூளைப் போட்டால், அது எரிந்து எழும் வாயு பஞ்சை அடுத்த முறை மேலே தள்ளிக் கொடுக்கும். கிராஃபைட் கலந்த பசையும் இதே உதவியைச் செய்யும். கம்பி மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத்தில் இருக்கும்போது தொடங்கி, சிவப்பு மங்குவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். ஆறும் இரும்பு சுருங்கிப் பஞ்சைக் கவ்விக்கொள்ளும் என்பதால், ஒரே சூட்டில் முடித்துவிடும் ஆசையில் கடைசி இரண்டு அடி கூடுதலாக அடிப்பதுதான் சிக்கலைக் கொண்டுவருகிறது.

சிக்கிவிட்டால் பஞ்சின் பக்கங்களில் மாறி மாறி மெல்லத் தட்டி அசைத்துப் பார்க்கலாம். அசையாவிட்டால் நெம்பக் கூடாது. நெம்பினால் கம்பி வளையும் அல்லது பஞ்ச் முறியும். பஞ்சோடு சேர்த்துக் கம்பியை மீண்டும் உலையில் சிவக்க வைத்து, சூட்டோடு எடுத்துத் தளர்த்தி உருவ வேண்டும். பஞ்சின் பதம் போய்விடும், அதை மறுபடி தோய்த்துக்கொள்ளலாம். பல மணி நேரம் வேலை செய்த கம்பியை மீட்பதே முக்கியம்.

துளை நடுவில் விழவில்லை, அல்லது விரிக்கும்போது முனைகள் கிழிகின்றன

நடு அடையாளத்தைக் கம்பி குளிர்ந்திருக்கும்போதே ஆழமாகக் குத்திவிட வேண்டும். சுண்ணக்கட்டிக் கோடு உலைக்குள் நிற்காது. முதல் அடி இலேசாக இருக்கட்டும், அதன் தடத்தைப் பார்த்துத் திருத்திய பிறகு பலமாக அடிக்கலாம். அடியில் அடைகல் (இரும்பை வைத்து அடிக்கும் பட்டடை) தட்டும் ஓசையும் கையில் ஒரு திடமும் தெரிந்தவுடன் கம்பியைத் திருப்பினால், பஞ்ச் அழுத்திய இடம் அடைகல்லோடு ஒட்டி ஆறியிருப்பதால் கருமையான ஒரு வட்டமாகத் தெரியும். பஞ்சை அந்தக் கருமையின் மேல் வைத்து, கீழே அடைகல்லின் வட்டத் துளை வருமாறு பிடித்து அடித்தால் நடுத்துண்டு சுத்தமாக வெட்டுப்பட்டு விழும். விளிம்பில் பிசிறு தொங்கினால், பஞ்சின் நுனி தட்டையாக இல்லாமல் உருண்டிருக்கிறது என்று பொருள். சாணையில் நேராக்கி, நுனியின் ஓரத்தைக் கூராக விட வேண்டும்.

கீறித் திறந்து டிரிஃப்டால் (துளைக்குள் அடித்து இறக்கும் கூம்பிய கருவியால்) விரிக்கும் முறையில், இரும்பு வெளியேறாமல் இருபுறமும் புடைத்து நிற்பதால் கம்பிக்குள் கம்பி நுழையும் பின்னல் வேலைக்கு அது மிக அழகானது. அதில் கிழிசல் எப்போதும் கீறலின் இரு கடைசிகளில்தான் தொடங்கும். கீறும் உளியின் மூலைகள் கூராக இருந்தால் கீறலும் கூராக முடிந்து, விரியும்போது பிளக்கும். மூலைகளை உருட்டிவிட வேண்டும். அளவும் முக்கியம்: 16 மில்லிமீட்டர் வட்டத் துளையின் சுற்றளவு சுமார் 50 மில்லிமீட்டர். 3 மில்லிமீட்டர் தடிப்பும் 22 மில்லிமீட்டர் அகலமும் உள்ள கீறுளியின் சுற்றளவும் அதேதான். ஆனால் டிரிஃப்ட் இறங்கும்போது இரும்பு இழுபட்டு நீளும், ஆகவே 20 மில்லிமீட்டர் அகலமே போதுமானது. அதைவிட நீளமாகக் கீறினால் துளையின் இரு ஓரங்களிலும் மூடாத பிளவு நிற்கும். ஒரு பக்கச் சுவர் மட்டும் மெலிந்து கொண்டே போனால், அந்தப் பக்கம் அதிகச் சூடாக இருக்கிறது. மெலிந்த சுவரில் மட்டும் தண்ணீரை ஊற்றிவிட்டு டிரிஃப்டை இறக்கினால் தடித்த சுவர் நீண்டு சமமாகும்.

இலை நரம்பு விட்டுவிட்டு விழுகிறது, அல்லது இலையே கிழிகிறது

நரம்புக் கோட்டில் ஒவ்வோர் அடிக்கும் ஒரு படி தெரிந்தால், உளியின் முனை நேர்கோடாக இருக்கிறது. அதன் இரு மூலைகளும் ஒவ்வொரு முறையும் தனித் தடம் பதிக்கின்றன. முனையைப் பக்கவாட்டில் பார்க்கும்போது மெல்லிய வில்லாக வளையும்படி அரைத்து, மூலைகளை உயர்த்திவிட வேண்டும். அப்போது உளியைச் சற்றுச் சாய்த்து, முந்தைய தடத்திலேயே பாதியை வைத்து, முன்னே நகர்த்திக்கொண்டே அடித்தால் வளைந்த நரம்பும் ஒரே கோடாக ஓடும். இது வெட்டுளி அன்று. முனையை எண்ணெய்க்கல்லில் உருட்டி, நகத்தில் இழுத்தால் கீறாத அளவுக்கு மழுக்கிவிட வேண்டும். கிழிசலுக்கு முதற்காரணம் கூரான முனை, இரண்டாவது காரணம் மெலிந்த இலை ஓரம் உலையில் எரிந்து போயிருப்பது. ஓரத்தில் தீப்பொறி பறந்திருந்தால் அந்த இரும்பு இனி ஒட்டாது, வெட்டி எறிய வேண்டியதுதான்.

இலைக்கு அடியில் என்ன வைக்கிறோம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கடினமான அடைகல் முகத்தில் வைத்து அடித்தால் நரம்பு தட்டையாகப் பதியும், இலை மெலியும். மரக்கட்டையின் மேலோ செம்புத் தகட்டின் மேலோ வைத்தால் இலை பின்பக்கம் புடைத்து, நரம்புக்கு உயிர் வரும். வெட்டும் வேலைக்கும் அடைகல் மேல் ஒரு மைல்டு ஸ்டீல் தகட்டை விரித்துக்கொண்டால் உளி முனையும் அடைகல்லும் தப்பும்.

கம்பியில் மடிப்பு விழுகிறது. ஸ்வேஜ் ஓரங்களில் இரும்பு பிதுங்குகிறது

ஃபுல்லரால் (உருண்ட முனையுள்ள பள்ளமிடும் கருவியால்) பள்ளம் போட்ட இடத்தில் பின்னர் ஒரு கருங்கோடு தெரிந்தால், அது கீறல் அன்று, ஒன்றின் மேல் ஒன்று மடிந்த இரும்பு. ஃபுல்லரின் ஆரம் சிறிதாக இருந்ததால் பள்ளம் ஆழமாகவும் குறுகலாகவும் விழுந்து, அடுத்துத் தட்டையாக்கும்போது அதன் இரு கரைகளும் உள்ளே மடிந்துவிட்டன. கோடு தெரிந்தவுடன் அரத்தாலோ சாணையாலோ அடிவரை எடுத்துவிட்டே மேலே அடிக்க வேண்டும். அடித்து மறைக்க முயன்றால் முறுக்கும்போது அங்கேதான் முறியும்.

ஸ்வேஜின் (கம்பியை நடுவில் வைத்து அடித்து உருளையாக்கும் பள்ள அச்சின்) இரு பாதிகளும் முழு அரைவட்டமாக வெட்டப்பட்டிருந்தால் பிதுங்கும் இரும்புக்குப் போக்கிடம் இல்லாமல் ஓரத்தில் இதழாக வெளிவரும். 12 மில்லிமீட்டர் உருளைக்கான பள்ளம் ஒவ்வொன்றும் 5 மில்லிமீட்டர் ஆழமே இருக்கட்டும், பள்ளத்தின் வாய் விளிம்புகள் தாராளமாக உருண்டிருக்கட்டும். கம்பியை ஒவ்வோர் அடிக்கும் திருப்ப வேண்டும். ஸ்வேஜை மைல்டு ஸ்டீலில் செய்தாலே போதும், அதற்குள் வரும் இரும்பு அதைவிட மிக மென்மையான நிலையில் இருக்கிறது. வில் பட்டையால் இணைத்த ஸ்வேஜில் மேல்பாதி விலகி விழுந்தால், பட்டை மிக அகலம் குறைந்ததாகவோ, வளையம் முறுகிப் போனதாகவோ இருக்கும். பட்டை வெல்டிங் ஓரத்தில் முறிந்தால், அந்த இடத்தில் சூட்டால் எஃகு நொறுங்கும் தன்மை அடைந்திருக்கிறது. வளையத்துக்கு மைல்டு ஸ்டீல் பட்டையையே பெரிய வட்டமாக வளைத்துப் பயன்படுத்தினால் இந்த முறிவு வராது.

சுருள்கள் ஒன்றுபோல் வரவில்லை

சுருள் அச்சு சரியாக இருந்தும் துண்டுக்குத் துண்டு வேறுபட்டால், சூடு சீராக இல்லை. அதிகச் சூடான இடம் அச்சைத் தொடும் முன்பே மடங்கி ஒரு முழங்கைபோல் தட்டை விழும். சூடு குறைந்த இடம் அச்சைத் தொடாமல் நிற்கும். சுற்றவேண்டிய நீளம் முழுவதும் ஒரே நிறத்தில் இருக்கும்வரை உலையிலிருந்து எடுக்கக் கூடாது. தொடக்கத்திலேயே நழுவினால், அச்சின் நடுமுனையில் கம்பியின் நுனி கொக்கியாக அமரவில்லை. நடுமுனை மற்றச் சுற்றுகளைவிட உயர்ந்து நிற்க வேண்டும், இல்லையேல் உள்சுற்றைக் குறடால் பிடித்து இறுக்க இடமிருக்காது.

எல்லாச் சுருளும் ஒரே அளவு குறைவாக வந்தால் அச்சைக் குறை சொல்ல வேண்டாம். 1,000 டிகிரியில் இருந்த இரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்குக்குச் சற்று மேல் சுருங்குகிறது. 200 மில்லிமீட்டர் சுருளில் அது கண்ணுக்குத் தெரியும். அச்சை அந்த அளவுக்குப் பெரிதாக வரைந்துகொள்ள வேண்டும். வெட்டும் நீளத்தைக் கணக்குப் போடுவதைவிட, வரைபடத்தில் சுருளின் தடிப்பின் நடுக்கோட்டின் மேல் நூலை வைத்து அளப்பதே நம்பகமானது.

முறுக்கு ஒரு பக்கம் நெருங்கி மறுபக்கம் தளர்ந்தாலும் காரணம் இதே சீரற்ற சூடுதான்: நெருங்கிவிட்ட பகுதியில் தண்ணீர் ஊற்றி நிறுத்திவிட்டு, தளர்ந்த பகுதியைத் தொடர வேண்டும். முறுக்கும் சாவிக்கு இருபுறமும் கைப்பிடி இருந்தால் கம்பி வளையாது. வளைந்ததை மரச் சுத்தியலால் மரத்தின் மேல் நிமிர்த்தினால் முறுக்கின் விளிம்புகள் நசுங்காது.

கருவியின் தலை விரிகிறது. அடைகல் துளையில் கருவி ஆடுகிறது

சுத்தியல் படும் தலை காளான்போல விரிவது இயல்பானது, ஏனெனில் அதைத் தோய்க்காமல் மென்மையாகவே விட்டிருக்கிறோம். தலையையும் கடினமாக்கிவிட்டால் விரியாது. ஆனால் சுத்தியல் முகத்தோடு மோதித் தெறிக்கும் சில்லு கண்ணையும் கழுத்தையும் தாக்கும். எனவே விரிவதைத் தடுக்க முயலக் கூடாது, விரிந்த ஓரத்தை அவ்வப்போது சாணையில் எடுத்துவிட வேண்டும். தொங்கும் ஓரத்தில் சிறு பிளவு தெரிந்தால் அடுத்த அடிக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். மரப்பிடி போட்ட மேற்கருவி கையை அதிரவைத்தால், பிடியை ஆப்பு வைத்து இறுக்காமல் சற்றுத் தளர விட்டால் போதும்.

அடைகல்லின் சதுரத் துளையில் நிற்கும் கருவி ஆடினால் பலரும் துளைக்குள் இறங்கும் அதன் காலைக் கூம்பாக அடித்து இறுக்குகிறார்கள். இது அடைகல்லுக்கே கேடு. ஒவ்வோர் அடியும் கூம்பை ஆப்பாக இறக்கி, துளையைச் சுற்றியுள்ள மெல்லிய வால்பகுதியைப் பிளக்கப் பார்க்கும். காலின் நான்கு பக்கங்களும் இணையாக, துளைக்குள் கையால் எளிதில் இறங்கும்படி இருக்க வேண்டும். அடியின் பாரத்தைக் கருவியின் தோள் அடைகல் முகத்தின் மேல் முழுதும் படிந்து தாங்க வேண்டும். தோள் படியாமல் ஆடுவதுதான் பெரும்பாலும் நடப்பது. காலைச் சூடாக்கித் துளையில் இறக்கி, மேலிருந்து நன்றாக அடித்தால் தோள் தானே அடைகல் முகத்துக்கு ஏற்பப் படிந்துவிடும். காலுக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உள்மூலையைக் கூராக விடாமல் சிறு வளைவோடு விட்டு, அந்த வளைவு இடம்பெறும்படி துளையின் மேல்விளிம்பை இலேசாக அரத்தால் சரித்துக்கொள்ள வேண்டும். வெட்டும் வேலை முடிந்தவுடன் வெட்டுமுனைக் கருவியைத் துளையிலிருந்து எடுத்துக் கீழே வைத்த பிறகே அடைகல்லில் அடுத்த வேலையைத் தொடங்க வேண்டும்.